இரண்டு அலகு மடக்குக்கத்தி: ஜாக்கா, பேனாக்கத்தியா, ட்ராப்பரா?

தினமும் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளப் பழைய பாணி மடக்குக்கத்தி ஒன்று வாங்கலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து சிக்கிக்கொள்கிறார்கள். ஒற்றை அலகு போதாது என்று தோன்றுகிறது. மூன்று அலகு என்றால் கனமாகத் தெரிகிறது. சரி, இரண்டு என்று முடிவு செய்து படங்களைப் பார்க்க ஆரம்பித்தால் பீனட், பார்லோ, கேனூ, ட்ராப்பர், மஸ்க்ராட் என்று பெயர்கள் வரிசை கட்டி நிற்கின்றன. எல்லாமே அழகு, எல்லாமே வெட்டும். இரண்டு வாரம் கழித்தும் அதே ஐந்து படங்கள்தான் திரையில் திறந்து கிடக்கும்.

நானும் அப்படிக் கிடந்தவன்தான். எல்லோரும் செய்வதுபோல முதல் அலகைப் பார்த்தே தேர்வு செய்ய முயன்றதுதான் நான் செய்த தவறு. பெரிய அலகு எந்தக் கத்தியிலும் ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்கிறது: அட்டைப்பெட்டி, கயிறு, பழம், பிளாஸ்டிக் உறை. கத்திக்குக் கத்தி மாறுவது இரண்டாவது அலகு. அது எந்த வேலைக்கு வைக்கப்பட்டது, எந்த முனையில் கீல் போட்டிருக்கிறது, பாக்கெட்டில் எவ்வளவு இடத்தைத் தின்கிறது என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் ஐந்து படங்களில் மூன்றை உடனே மூடிவிடலாம்.

## எதை வைத்து அளப்பது

இந்தக் கத்திகளின் உள்ளமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. இவற்றில் லாக் கிடையாது. பிடியின் முதுகில் ஓடும் எஃகு ஸ்பிரிங் அலகின் அடிப்பகுதியை அழுத்திப் பிடித்திருக்கும். திறந்தாலும் மூடினாலும் அந்த அழுத்தம் மட்டுமே அலகை நிறுத்தி வைக்கிறது. இதற்கு ஸ்லிப்ஜாயிண்ட் என்று பெயர். இரண்டு அலகு உள்ள கத்தியில் ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்பிரிங் இருக்கலாம், அல்லது ஒரே ஸ்பிரிங் இரண்டையும் தாங்கலாம். கத்தியின் தடிமன், திறக்கும் சுலபம், சாணை பிடிக்கும் வசதி எல்லாவற்றையும் இந்த ஒரு விஷயமே முடிவு செய்கிறது.

தடிமனை நான் முதலில் வைப்பேன். நீளத்தைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் 10 செ.மீ. நீளமுள்ள ஒல்லியான கத்தி பாக்கெட்டில் இருப்பதே மறந்துபோகும், 8 செ.மீ. நீளமுள்ள தடித்த கத்தி உட்காரும்போதெல்லாம் தொடையில் குத்தும். அடுத்தது இரண்டாம் அலகின் வேலை. முதல் அலகால் முடியாத எதையாவது அது செய்ய வேண்டும். இல்லையென்றால் சும்மா சுமக்கிறோம். மூன்றாவது, நகத்தால் திறக்க முடிகிறதா என்பது. நான்காவது பராமரிப்பு: துரு, பாக்கெட்டிலிருந்து உள்ளே புகும் பஞ்சு, சாணை. கடைசியாக, நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டமும் பக்கத்தில் இருப்பவர்களின் முகமும். பக்கத்து மேசைக்காரர் முன்னால் 8 செ.மீ. அலகை நீட்டிக் கடித உறையைப் பிரித்துப் பாருங்கள், அந்த முகம் எப்படி மாறுகிறது என்று தெரியும்.

## ஜாக்: இரண்டு அலகும் ஒரே முனையில்

ஜாக் வகையில் பெரிய அலகும் சிறிய அலகும் ஒரே பக்கத்தில் கீல் கொண்டிருக்கும். பெரியது பெரும்பாலும் முனை வளைந்து கூரான கிளிப் அலகு, அல்லது ஈட்டி முனை. சிறியது ‘பென்’ அலகு. பெரியதில் பாதி நீளத்துக்கு மேல் கொஞ்சம் இருக்கும்.

இந்த அமைப்பின் பெரிய நன்மை பிடி. கீல் இல்லாத மறுமுனை வழுவழுப்பாக உருண்டிருப்பதால் உள்ளங்கையில் அழுத்திப் பிடித்தாலும் உறுத்தாது. அரை மணி நேரம் உட்கார்ந்து மரக்குச்சி சீவினால் இதன் அருமை புரியும். எந்த அலகைத் திறந்தாலும் கத்தியைத் திருப்பிப் பிடிக்க வேண்டியதில்லை.

ஜாக் குடும்பத்தில் இரண்டு பேரை மட்டும் பார்ப்போம். பார்லோ இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்தது. பிடியின் முன்பக்கம் இருக்கும் உலோகக் காப்பு, அதாவது போல்ஸ்டர், மற்ற கத்திகளைவிட நன்றாக நீண்டிருக்கும். கீல் இருக்கும் இடத்துக்கு அது பலம் தருகிறது. எளிய மனிதர்களின் மலிவான வேலைக்கத்தியாகத்தான் அது உலகம் சுற்றியது. இன்றும் தோற்றத்தில் ஆடம்பரம் இல்லாத, கைக்கு அடங்கிய கத்தி. பீனட் அதைவிடச் சின்னது. மூடினால் சுமார் 7.3 செ.மீ. சாவிக்கொத்தோடு போட்டாலும், சில்லறைப் பையில் போட்டாலும், ஏன் சட்டைப் பையில் போட்டாலும் தெரியாது. ஆனால் கை பெரியதாக இருந்தால் பீனட்டை மூன்று விரலால்தான் பிடிக்க முடியும், நான்காவது விரலுக்கு இடமில்லை. அழுத்தி வெட்டும் வேலைக்கு அது சிரமம்.

மறைந்திருக்கும் செலவு தடிமனில் இருக்கிறது. தனித்தனி ஸ்பிரிங் வைத்த ஜாக்கில் நடுவே ஒரு உலோகத் தகடும் சேர்ந்துகொள்வதால் கத்தி சட்டென்று பருத்துவிடும். ஒரே ஸ்பிரிங்கில் இரண்டு அலகையும் பொருத்தினால் ஒல்லியாக வரும். ஆனால் அங்கே வேறொரு சங்கடம். ஒரு அலகைப் பாதி திறந்து நிறுத்தும்போது ஸ்பிரிங் எழும்புகிறது; அந்த நேரத்தில் மற்ற அலகின் மேல் இருந்த அழுத்தம் போய்விடும், அது தளர்ந்து ஆடும். எனவே இப்படிப்பட்ட கத்தியில் ஒன்றை முழுதாக மூடிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பாதியில் நிறுத்தி விளையாடினால் ஸ்பிரிங்குக்கும் கேடு, விரலுக்கும் கேடு.

வீடு, அலுவலகம், தோட்டம் என்று கலந்துகட்டி வேலை இருப்பவர்களுக்கு, முதல் கத்தி வாங்குகிறவர்களுக்கு, என் ஓட்டு ஜாக்குக்குத்தான்.

## பேனாக்கத்தி: இரண்டு முனையிலும் அலகு

நாம் எந்த மடக்குக்கத்தியையும் பேனாக்கத்தி என்றுதான் சொல்லிப் பழகியிருக்கிறோம். கத்தி செய்கிறவர்களின் பேச்சில் அது ஒரு தனி வகை. இறகால் எழுதிய காலத்தில் அதன் முனையைச் சீவ வைத்திருந்த சின்னக் கத்தி அது. போர்த்துகீசியர் வழியாகத் தமிழுக்கு வந்த ‘பேனா’ என்ற சொல்லுக்கே முதற்பொருள் இறகு. ஆக ‘இறகுக்கத்தி’ என்று நம் மொழியிலேயே சரியான பெயர் உட்கார்ந்திருக்கிறது, நாம்தான் கவனிக்கவில்லை.

இதில் ஒவ்வொரு முனையிலும் ஒரு அலகு. நடுவில் ஆணியால் இறுக்கிய ஒரே ஸ்பிரிங்கின் இரண்டு கைகளும் ஆளுக்கொரு அலகைத் தாங்குகின்றன. அதனால் இரண்டு அலகு கத்திகளிலேயே மிக ஒல்லியாக இருக்கக்கூடியது இதுதான். சட்டைப் பையில் பேனாவோடு பேனாவாக நிற்கும். அலுவலகத்தில் எடுத்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

இந்த ஒல்லிக்கு நாம் கொடுக்கும் விலை என்னவென்றால், மூடிய நிலையில் இரண்டு அலகும் ஒரே பள்ளத்தில் பக்கம் பக்கமாகக் கிடக்க வேண்டும். ஒன்றை ஒன்று உரசாமல் இருக்க அலகை அடியில் மிக லேசாக வளைத்துப் பொருத்துவார்கள். அது குறை அல்ல, வேலைப்பாடு. ஆனால் வளைப்பு சரியாக அமையாத கத்தியில் ஒரு அலகு மற்றதன் பக்கவாட்டில் கோடு கிழித்துக்கொண்டே இருக்கும். கோணம் பிடித்துத் தரும் கருவியில் மாட்டிச் சாணை போட நினைத்தாலும் இந்த வளைவு இடைஞ்சல். வெறும் சாணைக்கல்லில் கையால் தீட்டுவதே இதற்கு உகந்தது. இன்னொன்று, அழுத்திப் பிடிக்கும்போது மறுமுனையில் இருக்கும் அலகின் கீல் பகுதி உள்ளங்கையில் படும். சில நிமிட வேலைக்குத் தெரியாது. நீண்ட வேலைக்குத் தெரியும்.

கேனூ என்பது இதே குடும்பத்தின் உருண்டு திரண்ட பிள்ளை. பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு முனையும் எழும்பிய ஓடம் மாதிரி இருக்கும், அதனால் அந்தப் பெயர். சுமார் 9.2 செ.மீ. முனைகள் உருண்டிருப்பதால் பாக்கெட்டைக் கிழிக்காது, கையிலும் நிறைவாக உட்காரும். ஒல்லியான பேனாக்கத்தியின் சௌகரியம் இதில் பாதிதான். பிடிப்பில் அதைவிட இரண்டு மடங்கு சுகம். நான் பேனாக்கத்தி வகையில் ஒன்று வாங்குவதென்றால் கேனூவைத்தான் எடுப்பேன்.

## ட்ராப்பர்: இரண்டு நீள அலகு

படத்தில் மனதைக் கொள்ளை கொள்வது இதுதான். இரண்டு முழுநீள அலகுகள், ஒரே முனையில். ஒன்று கூர்முனை கிளிப். மற்றது முனை மழுங்கலாக உருண்ட ‘ஸ்பே’. கால்நடைகளுக்குக் காயடிக்க வடிவமைத்த அலகு அது. தவறிக்கூட உள்ளே குத்திவிடக் கூடாது என்பதற்காகத்தான் முனையை உருட்டினார்கள். பொறி வைத்து வேட்டையாடியவர்களுக்கு அதே உருண்ட முனை தோலைக் கிழிக்காமல் உரிக்க உதவியது. கத்தியின் பெயரும் அவர்களிடமிருந்து வந்ததே.

இங்கே உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: குத்தாத முனையுள்ள நீள அலகுக்கு உங்கள் நாளில் வேலை இருக்கிறதா? சிரிக்க வேண்டாம், இருக்கலாம். உள்ளே இருக்கும் துணியைக் கிழிக்காமல் பார்சல் பிரிக்க ஸ்பே அலகு அருமையானது. ஜாம் தடவக்கூட வசதி. பழம் நறுக்குவதற்கு ஒன்று, அழுக்கு வேலைக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்பவர்களுக்கும் இரண்டும் முழுநீளமாக இருப்பது லாபம்.

ஆனால் சுமை கொஞ்சநஞ்சம் இல்லை. மூடிய நீளம் சுமார் 10.5 செ.மீ., எடை நூறு கிராம் பக்கம். மெல்லிய துணிப் பேண்டில் ஒரு பக்கம் இழுக்கும். உட்கார்ந்தால் குறுக்கே நிற்கும். கனத்த துணியும் ஆழமான பாக்கெட்டும் உள்ள உடுப்புக்குப் பொருத்தம். மனசு ட்ராப்பரையே கேட்டால் சுமார் 8.9 செ.மீ. மினி ட்ராப்பர் இருக்கிறது. தினசரிக்கு அதுதான் நியாயமான சமரசம்.

## மஸ்க்ராட், அப்புறம் ஒரு வெளியாள்

மஸ்க்ராட்டில் இரண்டு முனையிலும் ஒரே மாதிரியான ஒல்லி கிளிப் அலகுகள். சுமார் 9.8 செ.மீ. நீளம். ஒன்று மழுங்கினால் மற்றதைத் திறக்கலாம் என்பதுதான் இதன் தத்துவம். நாள் முழுக்கத் தோலுரிப்பவருக்கு அது பெரிய விஷயம். நமக்கு? சாணை பிடிக்கச் சோம்பல்படுகிறவர்களுக்கு மட்டும் சிபாரிசு செய்வேன். அதையும் அரை மனதோடுதான்.

வெளியாள் என்றது மின்பணியாளர் கத்தி. அமெரிக்க ராணுவம் டிஎல்-29 என்ற பெயரில் பயன்படுத்திய வகை. இரண்டாவது அலகு வெட்டவே வெட்டாது. அது ஸ்க்ரூடிரைவர், கம்பி சுரண்டி. அந்த ஒன்றுக்கு மட்டும் லாக் உண்டு. இரண்டாம் அலகு வேறு வேலை செய்ய வேண்டும் என்ற என் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

## ஒரே பார்வையில்

நீளங்கள், அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டிலிருந்து வரும் ‘கேஸ்’ என்ற நிறுவனத்தின் கத்திகளின் அளவை ஒட்டியவை. பிற தயாரிப்பாளர்களிடம் சற்று மாறும்.

| வகை | கீல் | மூடிய நீளம் | இரண்டாம் அலகு | உள்ளே மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| பீனட் | ஒரே முனை | 7.3 செ.மீ. | சின்ன பென் | பெரிய கைக்குப் பிடி போதாது | பாக்கெட்டில் இடமே இல்லாதவர் |
| பார்லோ | ஒரே முனை | 8.6 செ.மீ. | பென் | முன்பக்கக் கனம், தடிமன் | முதல் கத்தி வாங்குபவர் |
| கேனூ | இரு முனை | 9.2 செ.மீ. | பென் | அலகு உரசல், அகலம் | அலுவலகம், பழம், கடிதம் |
| மினி ட்ராப்பர் | ஒரே முனை | 8.9 செ.மீ. | ஸ்பே | சின்ன, நுணுக்க வேலைக்கு அலகு இல்லை | பார்சல் அதிகம் பிரிப்பவர் |
| ட்ராப்பர் | ஒரே முனை | 10.5 செ.மீ. | நீள ஸ்பே | எடை, சட்ட எல்லை | வெளி வேலை, தோட்டம் |
| மஸ்க்ராட் | இரு முனை | 9.8 செ.மீ. | முதலாவதன் நகல் | இரண்டு சாணை, ஒரே பயன் | ஒரே வேலையை நாள் முழுக்கச் செய்பவர் |

கேஸ் கத்திகளில் அலகின் அடியில் பொறித்திருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் குழப்பம் குறையும். 6254 என்றால் முதல் எண் எலும்புப் பிடியையும், அடுத்த 2 இரண்டு அலகையும், 54 ட்ராப்பர் வடிவத்தையும் குறிக்கும். 6220 என்றால் பீனட்.

## எஃகும் பிடியும்

வடிவத்தை முடிவு செய்த பிறகுதான் எஃகைப் பற்றி யோசிக்க வேண்டும். இரண்டு கட்சிகள் உண்டு. 1095 போன்ற கார்பன் எஃகில் கார்பன் சுமார் 0.95%, துருவைத் தடுக்கக் குரோமியம் கிடையாது. சாணைக்கல்லில் சட்டென்று கூர் ஏறும். பழச்சாறு பட்டதும் சாம்பலும் நீலமுமாக ஒரு பூச்சு படியும். அதை ரசிக்கிறவர்கள் இருக்கிறார்கள், நானும் ஒருவன். அதே பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் இயங்கும் கிரேட் ஈஸ்டர்ன் கட்லரி என்ற நிறுவனத்தின் கத்திகள் பெரும்பாலும் இந்த 1095-தான். மறுபக்கம் 420எச்சி போன்ற எவர்சில்வர் எஃகு. சுமார் 13% குரோமியம். கூர் கொஞ்சம் சீக்கிரம் மங்கும், ஆனால் வியர்வையைத் தாங்கும்.

வியர்வைதான் இங்கே விஷயம். பாக்கெட் என்பது சூடும் ஈரமும் உள்ள இடம். ஒருமுறை ஆரஞ்சு உரித்த கார்பன் கத்தியை அரைகுறையாகத் துடைத்து மூடி, மாற்றுப் பேண்டின் பாக்கெட்டில் மறந்துவிட்டேன். சில வாரம் கழித்து எடுத்தபோது அலகு பரவாயில்லை, தேய்த்தால் போயிற்று. கீலுக்குள் புகுந்த துருவைத்தான் வெளியே எடுக்க முடியவில்லை. இன்றுவரை திறக்கும்போது மணல் அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம். இரண்டு அலகு என்றால் இந்தக் கவலையும் இரட்டை, ஏனென்றால் அடிக்கடி திறக்காத இரண்டாவது அலகில்தான் துரு முதலில் குடியேறும். துடைப்பதும் எண்ணெய் விடுவதும் உங்கள் சுபாவம் இல்லையென்றால் எவர்சில்வரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. எண்ணெய் விடுகிறவர்கள் பழம் நறுக்கும் கத்திக்கு மினரல் ஆயிலைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

பிடிக்கு மாட்டெலும்பு, மான்கொம்பு, மரம், பிளாஸ்டிக் எல்லாம் கிடைக்கும். எலும்பு கையில் படப்படப் பளபளக்கும். ஆனால் தண்ணீரில் ஊறப்போட்டாலோ பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டாலோ சுருங்கி விரிசல் விடும். போல்ஸ்டரில் ‘நிக்கல் சில்வர்’ என்று எழுதியிருந்தால் வெள்ளி என்று நம்பிவிட வேண்டாம்; செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை அது, துளி வெள்ளி கிடையாது.

## கையில் எடுத்துப் பார்க்கும்போது

நகப்பள்ளத்தில் பெருவிரல் நகத்தை வைத்து இரண்டு அலகையும் திறந்து பாருங்கள். சில கத்திகளில் ஸ்பிரிங் அவ்வளவு விறைப்பு, நகமே பெயர்ந்துவிடும். ‘நல்ல கெட்டியான கத்தி’ என்று விற்பவர் சொல்வார். தினம் பத்து தடவை திறக்கப்போவது நீங்கள். சில ஜாக்குகளில் பெரிய அலகு சிறியதன் நகப்பள்ளத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். சிறியதைத் திறக்க முதலில் பெரியதைத் திறக்க வேண்டிவரும். இடக்கைக்காரர்கள் கட்டாயம் தங்கள் கையாலேயே திறந்து பார்க்க வேண்டும்.

மூடிய கத்தியின் மேல் விரலை ஓட்டுங்கள். அலகின் முனை எதுவும் பிடிக்கு மேல் துருத்தக் கூடாது. துருத்தினால் முதலில் பாக்கெட் துணி கிழியும், அப்புறம் விரல். திறந்த அலகைப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டினால் அசையக் கூடாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஸ்பிரிங்குக்கும் தகட்டுக்கும் இடையே வெளிச்சம் தெரியாமல் இருப்பது நல்ல வேலைப்பாடு. சில கத்திகளில் அலகு 90 டிகிரியில் ஒருமுறை நின்று போகும். லாக் இல்லாத கத்தியை மூடும்போது விரலை நகர்த்திக்கொள்ள அது ஒரு அவகாசம். எனக்குப் பிடிக்கும், வேண்டாம் என்பவர்களும் உண்டு. மூடும்போது ‘டப்’பென்று விட்டுவிடாமல் கையோடு கொண்டுபோய் மூடுங்கள். அப்படி விட்டால் சில கத்திகளில் அலகின் கூர் ஸ்பிரிங்கில் போய் மோதும். ஒரு சின்ன பள்ளம் விழுந்துவிட்டால் அதைச் சாணையில் எடுக்க நிறைய எஃகு தேய வேண்டும்.

குத்தித் துளையிடும் வேலை உங்களுக்கு அதிகம் என்றால் இந்த ஐந்தில் எதையும் வாங்க வேண்டாம், லாக் உள்ள கத்திக்குப் போங்கள். முனையில் அழுத்தம் கொடுத்தால் ஸ்லிப்ஜாயிண்ட் விரல் மேலேயே மடங்கும். என் ஆட்காட்டி விரலில் அதற்கான தழும்பு இருக்கிறது.

சட்டம் இடத்துக்கு இடம் மாறும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு (7.62 செ.மீ.) மிகாத, லாக் இல்லாத மடக்குக்கத்தியைக் காரணம் சொல்லாமலே வைத்திருக்கலாம். பீனட், பார்லோ, கேனூ மூன்றும் இதற்குள் அடங்கிவிடும். முழு ட்ராப்பர் அந்த எல்லையை ஒட்டி நிற்பதால் அளந்து பார்க்காமல் எடுத்துப்போக வேண்டாம். வேறு நாடுகளில் வேறு கணக்கு. விமானத்தில் போவதென்றால் பாக்கெட்டைக் காலி செய்துவிட்டு, கத்தியைச் சரக்கில் போகும் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள்.

என் பாக்கெட்டில் இப்போது இருப்பது எவர்சில்வர் அலகு வைத்த ஒரு பார்லோ. பெரிய அலகு அட்டையும் கயிறும் வெட்டி எப்போதும் கொஞ்சம் மங்கியே இருக்கும். சின்னது பென்சில் சீவவும், சட்டைக் காலரின் லேபிள் நூலை அறுக்கவும், முள் எடுக்கவும் மட்டுமே. அதை வேறெதற்கும் திறப்பதில்லை என்பதால் கூர் குறையவில்லை. படத்தைப் பார்த்து ஆசையாக வாங்கிய ட்ராப்பர் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அவ்வப்போது எடுத்து எண்ணெய் விட்டு, திறந்து மூடிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுகிறேன்.